இன்னும் விளக்கம் எழுதாதவை

வீம்பு என்று வந்துவிட்டால் அந்த அக்காவையும் தம்பியையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே அறை, ஒரே நீள மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். கையை நீட்டினால் ஒருவர் டீயை இன்னொருவர் எடுத்துக் குடித்துவிடலாம். அந்தத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள் என்றால் என்னத்தைச் சொல்ல!

அவர்கள் தொழில் இணையதளம் கட்டுவது. பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். அக்கா முதலாளி, தம்பி தொழிலாளி, அவ்வளவுதான் கூட்டம். ஊரிலிருந்த நீச்சல்குளங்களுக்கெல்லாம் முன்பதிவு செய்யும் தளம் ஒன்றை வருடக்கணக்காகக் கட்டி, ஒட்டி, கிழிந்த இடத்தில் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யார் எந்தக் குளத்தில் எப்போது இறங்கலாம், உயரம் பத்தாத பிள்ளையை ஆழமான பக்கம் விடலாமா, பூட்டுப்பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டுத் துண்டோடு நிற்பவரிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாம் அதற்குள் இருந்தது.

அறை முதல் மாடியில். கீழே சலவைக் கடை. காலையில் அங்கே பாய்லரைப் போட்டதும் நீராவி குழாய் ஓரமாகவும் தரைப்பலகை இடுக்கு வழியாகவும் மேலே ஏறி வந்துவிடும். சற்று நேரத்தில் ஜன்னல் கண்ணாடி வெளுத்துப் போகும், தெருவில் போகிறவர்கள் நிழலாகத் தெரிவார்கள். உள்ளே இளஞ்சூடு, சோப்பு மணம், எந்நேரமும் துணி சுழலும் சத்தம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே கண் சொக்காமல் உட்கார்ந்திருக்கிறவன் மனுஷனே இல்லை.

சண்டைக்குக் காரணம், தம்பிக்குத் தூர தேசத்தில் கிடைத்த வேலை. கிடைத்ததை அக்காவிடம் முதலில் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. கீழே சலவைக் கடைக்காரம்மாவிடம் சட்டையை வாங்கும்போது சொல்லியிருக்கிறான். அந்தம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, "தம்பி வெளிநாடு போகுதாமே! நீ வாயே திறக்கலையே!" என்று கேட்டபோதுதான் அக்காவுக்கே தெரியும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு இவன், இவனுக்கு அவள் என்று இருந்தவர்கள். அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பயந்துகொண்டுதான் தன்னிடம் சொல்லாமல் தள்ளிப் போட்டிருக்கிறான் என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

"போறதுன்னா தாராளமா போ. நீ இல்லன்னா இங்க ஒண்ணும் ஓடாம நின்னுடாது," என்றாள்.

"நின்னுடும். நான் எழுதின கம்ப்யூட்டர் கோடுல பாதி உனக்குப் புரியாது."

"அப்ப எல்லாத்துக்கும் விளக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போ. முடிச்ச அன்னைக்கே கிளம்பு. நான் ஒண்ணும் குறுக்கே நிக்கலை."

"முடிச்ச அன்னைக்கே கிளம்புறேன்," என்றான் அவன்.

பேச்சு அதோடு நின்றது. இரண்டு பேருமே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தத்தம் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

விளக்கம் எழுதுவது என்றால் தனியாக உட்கார்ந்து கட்டுரை எழுதுவது இல்லை. கோடு என்பது கம்ப்யூட்டருக்கு இடுகிற கட்டளை; அதற்கு நடுவே மனிதர்களுக்காக எழுதி வைக்கிற வரிகள் உண்டு. கமெண்ட் என்பார்கள். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய்விடும். ஏதோ ஒரு வேலையைச் செய்கிற ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், தலைமாட்டில் இது எதைப் பெறும், எதைத் தரும், எங்கே தவறும் என்று ஓர் ஒழுங்கில் கமெண்ட் எழுதி வைக்க வேண்டும். பிறகு அதற்கென்றே இருக்கிற ஒரு கருவி ஒவ்வொரு ஃபைலாக நுழைந்து, அத்தனையையும் பொறுக்கி அடுக்கி, படிக்கத் தக்க பக்கங்களாக ஆக்கித் தந்துவிடும். கடைசியில், இன்னும் விளக்கம் எழுதாதவை இத்தனை என்று ஓர் எண்ணையும் காட்டும்.

தம்பி அந்தக் கருவியைத் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டான். சாயங்காலமானால் அதை ஓடவிட்டு, வந்த எண்ணைச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த தன் அறைக்குப் போய்விடுவான். எண் பூஜ்யமானால் அவன் கிளம்பிவிடுவான். அக்காவுக்கு அது தெரியும், பலகைக்கும் தெரியும்.

ஆரம்பத்தில் எண் எண்ணூற்றுச் சொச்சம். அக்கா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். நம்ம ஆள் சோம்பேறி, இதை முடிக்க ஒரு ஜென்மம் போதாது என்று நிம்மதியாக இருந்தாள். ஆனால் வீம்பு இருக்கிறதே, அது சோம்பேறியைக் கூட எழுப்பி உட்கார வைத்துவிடும். எண்ணூறு நானூறாயிற்று, நானூறு நூறாயிற்று. நூறுக்குக் கீழே போனதும் அவள் ஒரு நாளைக்குப் பத்து தடவை பலகையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். வாயைத் திறந்து "போகாதடா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லுவாளா? செத்தாலும் சொல்ல மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த மதியம் வந்தது. கீழே ஏதோ விடுதியின் படுக்கை விரிப்புகள் மொத்தமாக வந்திருந்தன, பாய்லர் முழு மூச்சில் ஓடியது. அறைக்குள் நீராவி இடுப்பளவுக்கு நின்றது. அக்காவின் கண்கள் தாமாக மூடின. வெள்ளை விரிப்புகள் தெருவில் நீந்திப் போவதைப் பார்த்தாள். தெரு முழுக்க நீலத் தண்ணீர், வீட்டுக் கதவுகளில் பூட்டுப்பெட்டி எண்கள். மக்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தத்தம் வாசல் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, எதற்கோ காத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டாள். மழைக்கு என்றார்கள். ஏற்கெனவே தண்ணீராகத்தானே இருக்கிறது என்றாள். அதற்கு எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

விழித்தபோது விரல்கள் விசைப்பலகையின் மேல் இருந்தன. திரையில் ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தது. அவள் எழுதியதுதான். மழைக்குக் காத்திருக்கும் ஃபங்ஷன். தளத்தின் வேறெந்தத் துண்டும் அதை வேலைக்கு அழைக்கவில்லை, அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அழிக்கப் போனாள். கை நின்றது. இதற்கு விளக்கம் எழுதவில்லையே என்று தோன்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், தம்பி தலையைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தான். 'இதர' என்று புதிதாக ஒரு ஃபோல்டரைத் திறந்து, அந்த ஃபங்ஷனை அதில் போட்டு, அவனுக்கும் போய்ச் சேருகிற மாதிரி சேமித்துவிட்டுப் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் பலகையில் எண் குறையவில்லை. ஒன்று கூடியிருந்தது. அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

மறுநாள் காலையில் அந்த ஃபங்ஷனைத் திறந்து பார்த்தாள். தலைமாட்டில் தம்பி விளக்கம் எழுதியிருந்தான்.

"பெறுவது: ஒன்றும் இல்லை. தருவது: மழை. தவறும் இடம்: மழை வராவிட்டால் வரும்வரை நிற்கும். நிறுத்த வழி செய்யப்படவில்லை."

திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்குவது தெரிந்துவிடப் போகிறதே என்று கீழே விழுந்த எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மதியம்தோறும் அதே கதைதான். நீராவி ஏறும், கண் சொக்கும், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஓர் இடத்தில் அவள் விரல்கள் நடக்கும். எது கனவில் வந்தது, எது தானே வேண்டுமென்று செய்தது என்று அவளுக்கே தெரியாது. யாரும் இல்லாத நேரத்தில் எல்லாப் பூட்டுப்பெட்டிகளையும் ஒரு முறை திறந்து மூடுகிற ஃபங்ஷன் ஒன்று. தம்பி எழுதினான்: "பெட்டிகளுக்குக் காற்றாட. உள்ளே இருப்பவை இடம் மாறாது, உறுதி." குளத்தின் அடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் அவர் பெயரைத் தலைகீழாகத் தருவது ஒன்று. "மேலே வந்ததும் நேராகிவிடும்." ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைத் தருவது இன்னொன்று. அதற்கு அவன் வெகுநேரம் யோசித்திருக்க வேண்டும். "திரும்பத் திரும்பக் கேட்கலாம். எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. சோதிப்பவர் தனியாகச் சோதிக்க வேண்டாம்."

நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. ஜன்னலுக்கு வெளியே மரம் இலையை உதிர்த்தது, தெருவில் போன நிழல்கள் குண்டாயின, கோட்டு போட்டுக்கொண்டார்கள் போலும். பலகையில் எண் பதினேழுக்கு வந்து, பதினெட்டாகி, பதினாறாகி, மறுபடி பதினேழாகி, அந்தப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. காலையில் வந்ததும் அவள் கோடைத் திறந்து அவன் எழுதியதைப் படிப்பாள், அதுதான் அன்றைய பேச்சுவார்த்தை. ஊர் உலகத்தில் அக்கா தம்பி இப்படியா பேசிக்கொள்வார்கள்? இந்த இரண்டு ஜென்மங்களும் பேசின.

ஒரு நாள் சலவைக் கடைக்காரம்மா தேய்த்த துணியோடு மேலே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தம்பி அப்போதுதான் டீ வாங்கக் கீழே போயிருந்தான். பலகையைப் பார்த்து, "என்னம்மா இது, முந்தா நாளும் பதினேழு, இன்னைக்கும் பதினேழு. எங்க பாய்லர் மீட்டர் மாதிரி முள்ளு மாட்டிக்கிச்சா?" என்றாள்.

"வேலை நடக்குதும்மா."

"நடக்குதோ, நிக்குதோ. வெளிநாட்டுல வேலை குடுத்தவங்க இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். அதுக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம். தம்பி உன்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டவள், தானே தலையில் அடித்துக்கொண்டாள். "எப்படிச் சொல்லும்? நீங்கதான் பேசிக்கிறதில்லையே! நல்லா வந்து வாய்ச்சீங்க ரெண்டு பேரும்."

அவள் இறங்கிப் போன பிறகு அக்கா விரல்விட்டு நாள் எண்ணினாள். மாசக் கடைசிவரை இழுத்துப் பிடித்தால் போதும், தம்பி எங்கேயும் போக மாட்டான். மனசு குதித்தது. குதித்த மனசைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அன்றைக்கு இரண்டு ஃபங்ஷன் எழுதிப் போட்டாள்.

மாசக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தம்பிக்குக் கடைவாய்ப் பல் வலி. காலையிலேயே பல் டாக்டரிடம் போய்விட்டான். அவன் இல்லாத அறையில் அக்கா தனியாக இருந்தபோது போன் அடித்தது. நீச்சல்குளத்து மேனேஜர்.

"மேடம், ஒரு சின்ன உதவி. இங்க புதுசா ஒரு டெக்னீஷியன் சேர்ந்திருக்கார். உங்க தளத்துக்கு ஏதோ விளக்கப் பக்கங்கள் தயார் பண்றீங்களாமே, ஆனவரைக்கும் இன்னைக்கே அனுப்ப முடியுமா?"

"இன்னும் பதினேழு பாக்கி சார்."

"பரவாயில்லை மேடம், பதினேழு இல்லாம இருக்கட்டும். ஒரு மனுஷன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், பாவம்."

கருவி தம்பியின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. தன்னுடையதிலேயே நிறுவிக்கொண்டாள். எப்படி ஓட வேண்டும் என்று தம்பி எழுதி வைத்திருந்த அமைப்பு ஃபைல் இருவருக்கும் பொதுவான கோடிலேயே கிடந்தது. ஒரு வரி கட்டளைதான். அடித்துவிட்டு டீ போட எழுந்து போனாள். திரும்பி வந்தபோது பக்கங்கள் தயாராக இருந்தன. அடியில் எழுதியிருந்தது.

இன்னும் விளக்கம் எழுதாதவை: 0.

தப்பாக ஓட்டிவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி ஓட்டினாள். பூஜ்யம்தான். நேற்று மதியம் போட்டதைத் தேடிப் பார்த்தாள், பக்கங்களில் இல்லை. மழைக்குக் காத்திருப்பதைத் தேடினாள், அதுவும் இல்லை. அவள் எழுதின ஒன்றுகூட எங்கேயும் இல்லை. அப்புறம்தான் அமைப்பு ஃபைலைத் திறந்து படித்தாள். எந்தெந்த ஃபோல்டருக்குள் நுழைய வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருந்தது. 'இதர' அதில் கிடையாது. இருக்க நியாயமும் இல்லை. அவள் திடீரென்று ஒரு மதியம் திறந்த ஃபோல்டர் அது, கருவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வருடக்கணக்காக இதே தொழிலில் இருக்கிறவள், கருவி எங்கே பார்க்கும் என்று ஒரு தடவையாவது பார்த்துக்கொண்டாளா? இல்லை.

அவள் ஃபங்ஷன்கள் ஒரு நாளும் எண்ணப்படவில்லை. அப்படியானால் பலகையில் ஏறிய எண்? கோடில் தேதியோடு பதிவாகியிருந்த பழைய மாற்றங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். கடைசி உண்மையான விளக்கத்தைத் தம்பி எழுதிய நாள் வந்தது. மரம் இலை உதிர்ப்பதற்கு முன்னால். அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பலகையில் அவன் எழுதியது முழுக்க, மழை ஃபங்ஷனுக்காக ஏறிய அந்த முதல் ஒன்றைப் போலவே, அவனே இட்டுக்கட்டிய எண்.

"திருட்டுப் பயலே!" என்றாள் வெறும் அறையைப் பார்த்து.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு பலகையில் அவன் கையெழுத்திலிருந்த பதினேழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தந்திரத்தால் அவனைக் கட்டிப் போட்டிருக்கிறோம் என்று இத்தனை நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவன், தினமும் வந்து எதிரே உட்கார்ந்து, அவளுடைய அரைத்தூக்கத்துக்கெல்லாம் உட்கார்ந்து விளக்கம் எழுதியிருக்கிறான். அங்கே அவன் வேலை கைவிட்டுப் போக ஒரு வாரம்தான் இருந்தது.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பார்த்ததைப் பார்க்காத மாதிரி மூடிவிட்டு, மதியம் இன்னொரு ஃபங்ஷன் எழுதினால் போதும். அவன் சாயங்காலம் பதினெட்டு என்று எழுதுவான். ஒரு வாரம் ஓடிவிடும். கீழே பாய்லர் சத்தம் ஏறியது, நீராவி கணுக்காலைத் தொட்டு மேலே வந்தது, கண்ணாடி வெளுத்தது. அந்த இளஞ்சூட்டில் அப்படியே கண்ணை மூடிக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. பக்கங்களை மேனேஜருக்கு அனுப்பினாள். எழுந்து போய்ப் பலகையைத் துடைத்து, பூஜ்யம் போட்டாள்.

தம்பி பன்னிரண்டு மணி வாக்கில் வந்தான். ஒரு கன்னம் வீங்கி, பாதி உதடு மரத்துப்போய்ப் பக்கவாட்டில் தொங்கியது. செருப்பைக் கழற்றியவன் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அந்தக் கருவி 'இதர' ஃபோல்டரைப் பார்க்கவே பார்க்காதாமே," என்றாள் அக்கா.

இத்தனை மாதம் கழித்து அவள் குரலைக் கேட்டதில் அவன் கண் விரிந்தது. "ம்," என்றான். மரத்த வாயிலிருந்து அதற்குமேல் வரவில்லை.

"முடிச்ச அன்னைக்கே கிளம்புறேன்னு சொன்னவன்தானே நீ? ஏன்டா கிளம்பலை?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். எச்சில்தான் ஒழுகியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு குழறிக் குழறிச் சொன்னான். "எப்படிப் போறது? நீ பேசவே இல்ல. அப்படியே விட்டுட்டு பிளேன் ஏறிப் போனா, அங்க போய் எனக்கு என்ன வேலை ஓடும்? நீயா ஒரு நாள் திட்டுவ, திட்டினதும் போகலாம்னு பார்த்தேன். நீ பாட்டுக்கு மழை, ஞாயித்துக்கிழமைன்னு எழுதிக்கிட்டே இருந்த."

"அதுக்கு நீயும் ஒக்காந்து எழுதுவியா, பைத்தியக்காரா!"

"நல்லா இருந்துதே," என்றான் அவன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். நேராக அவனைப் பார்த்துச் சொன்னாள். "இங்க பாரு. எனக்கு நீ போறது பிடிக்கலை. சுத்தமா பிடிக்கலை. அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கணும், வாய்க்கு வந்ததை வேற மாதிரி சொல்லிட்டேன். நீ போனா இந்த ரூம்ல நான் யாரைப் போட்டு முறைப்பேன்?"

தம்பி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "நான் போகலைன்னு சொல்லிடட்டுமா?"

இத்தனை மாதமும் எதற்காகக் கண்ணை மூடி மூடி எழுதினாளோ, அது வந்து எதிரே நின்றது. ஒரு தலையசைப்புப் போதும்.

"கேட்காதே," என்றாள். "கேட்டா நான் சரின்னுடுவேன். டிக்கெட் எடுத்துட்டியா?"

"இல்ல."

"வா இப்படி."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து விமான டிக்கெட் தளத்தைத் திறந்தாள். அவன் பின்னால் வந்து குனிந்து நின்றான், பல் மருந்து வாடை அடித்தது. முதல் பக்கத்திலேயே இரண்டு பேருக்கும் ஆகவில்லை. "இந்தப் பட்டனை எவன் இந்த மூலையில கொண்டு வெச்சான்?" என்றாள் அக்கா. "வெச்சவனுக்கு விரலே கிடையாது போல," என்று தம்பி குழறினான். சிரிக்கப் போய் அவனுக்குக் கன்னம் வலித்தது.

போக மட்டுமா, போய்த் திரும்பவா என்று தளம் கேட்டது. அவள் அவனைக் கேட்காமல் இரண்டாவதைத் தட்டினாள். புறப்படும் தேதியாக இந்தச் சனிக்கிழமையைப் போட்டாள். திரும்பும் தேதிக்கு ஒரு காலண்டர் விரிந்தது.

"இதை நீ போடு," என்று மவுஸை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் அம்புக்குறியைத் தட்டினான். அடுத்த மாதம் வந்தது. மறுபடி தட்டினான். இன்னொரு மாதம். வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் நழுவிப் போயின. குளிர் மாதங்கள் போயின, மரம் துளிர்க்கிற மாதம் போயிற்று, குளங்களில் கூட்டம் அலைமோதுகிற கோடையும் போயிற்று. அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"போதும்டா. இதுக்கு மேல என்னால முடியாது."

அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. அந்த மாதத்திலேயே, முதல் வரிசையிலேயே ஒரு தேதியைத் தொட்டான்.